பன்றிப்பல் பாய்ச்சலில் ஏறிய புத்தகங்கள்

தெங் கோஷானை அவனுடைய சொந்த வீட்டு வாசலிலேயே மறித்து, “யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?” என்று கேட்டவள் மியாவ் சியூ. பன்னிரண்டு வயதுப் பெண். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இது என் வீடு,” என்றான் அவன்.

“இல்லீங்களே. இது பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க விடுதி. மேல எழுதிப் போட்டிருக்கு, பாருங்க.”

கோஷானுக்கு எழுத்து தெரியாது. கதவுக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தான். தெருவைத் திரும்பிப் பார்த்தான். எதிர்வீட்டில் தபால் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன். பதினொரு மாதத்துக்கு முன்னால், கரையிலிருந்து கயிறு கட்டிப் படகிழுக்கப் போனவன். ஆறு கொண்டுபோய்விட்டது என்றே நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். இப்போது வந்து நிற்கிறவனுக்கு இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

சியூ உள்ளே பார்த்துக் கத்தினாள். “அண்ணி! யாரோ ஒருத்தர் வந்து இது தன் வீடுங்கறார்!”

யின்ஹுவா கையெல்லாம் அரைத்த சோயாக் கூழோடு வெளியே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். கக்கத்துக் கட்டையைப் பார்த்தாள். கால் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள். கேட்டது ஒன்றுதான்.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“உள்ள வா. படி வழுக்கும், பாத்து.”

அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் ஊரான ஷிபான்துவோவுக்கு வந்தது அவன் இல்லாத காலத்தில்தான். ஜப்பான் படை கீழாற்று ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தபோது, அங்கே மூடிப்போன பள்ளிகளின் வாத்தியார்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பெற்றவர்கள் இருக்கிற பிள்ளை, இல்லாத பிள்ளை என்று நூற்றறுபது பேரைச் சேர்த்துக்கொண்டு மேற்கே நடந்தார்கள். மூன்று மாத நடை. எங்கள் ஊரில் நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் வைக்கோல் செருப்பு நைந்துபோனது. படகுக்காரர்களின் சாமி கோயில் காலியாகக் கிடந்தது. தலைமையாசிரியர் ஷாவோ அண்ணாந்து பார்த்து, “கூரை இருக்கு,” என்றார். மறுநாள் காலையில் கணக்குப் பாடம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அந்த உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தொடக்க விழா என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். விழாவெல்லாம் நடக்கவில்லை. சாமிக்கு முன்னால் ஒரு கரும்பலகையைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். நான் பார்த்தேன்.

பையன்கள் கோயில் தரையில் படுத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் பதினாலு பேருக்கு இடம் வேண்டும். ஷாவோ வீடு வீடாகப் போனார். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டிக்கொண்ட, யாரோடும் கூச்சமில்லாமல் பேசுகிற கீழாற்றுப் பெண்களைக் கண்டு எங்கள் ஊர் பயந்தது. சோயாக்கட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த யின்ஹுவா மட்டும் திரிகையை நிறுத்தாமலே சொன்னாள்: “ஆளில்லாத வீட்டுல எலிதான் ஓடுது. வரட்டும். ஆனா நான் மொளகாய் போட்டுத்தான் சமைப்பேன்.”

முதல் வாரம் பதினாலு பேரும் கண்ணீரும் மூக்குநீருமாகத் தின்றார்கள். இரண்டாவது மாதத்தில், “அண்ணி, இன்னைக்கு ஒறைக்கவே இல்ல,” என்று குறை சொல்லத் தொடங்கினார்கள்.

இப்படி ஒரு வீட்டுக்குள்தான் கோஷான் திரும்பி வந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ஆள் பேசினால் சுவரில் மோதித் திரும்பும் வீடாக இருந்தது, அவன் போகும்போது. இப்போது விடியும் முன்பே பாடம் ஒப்பிக்கும் சத்தம். மாடியில் ஒருத்தி இங்கிலீஷ் வார்த்தைகளைக் கூவுவாள். படியில் ஒருத்தி வடிவகணிதம். முற்றத்துக் கொடி முழுக்கச் சட்டைகள்.

அவன் திரிகைக்குப் பின்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். சோயாவை ஊறவைத்துக் கொடுத்தால் அரைப்பான். வேறு பேச்சில்லை. ஆற்றில் அவன் குரல் கொடுத்தால் அக்கரை மலையில் விறகு வெட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான். இழுவைக் கூட்டத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஆள் அவன்தான். அப்படிப்பட்டவன் தண்ணீர் வேண்டும் என்றால் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினான். பெண்பிள்ளைகள் அவனிருக்கும் பக்கம் கால்விரல் ஊன்றி நடந்தார்கள்.

ஒரு காலை நேரம். யின்ஹுவா சோயாப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றாடம் ஒரு கிண்ணம் இளங்கட்டி அவள் வீட்டில்தான். நான் அடுப்போரம் இருக்கும்போதே அவன் சொன்னான்.

“அனுப்பிடு இதுகள.”

“எங்க?”

“எங்கயோ. வந்த வழியில.”

“வந்த வழியில ஜப்பான்காரன் இருக்கான்.”

“எனக்குச் சத்தம் ஆகல யின்ஹுவா. தல வெடிக்குது.”

“ஒன்பது வருஷம் இந்த வீட்டுல சத்தமே இல்லாம இருந்தேனே, என் தல வெடிக்கலியா? நீ வருஷத்துல பத்து மாசம் ஆத்துல. நான் இந்தச் செவுத்தோட பேசிக்கிட்டுக் கெடந்தேன். தபால்காரரு எதிர்ல இருக்காரு, கேளு.”

நான் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் எப்படியோ ஷாவோ காதுக்குப் போய்விட்டது. மெலிந்த மனிதர். கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் கயிற்றால் காதில் கட்டியிருப்பார். வந்து கோஷான் முன்னால் தலை தாழ்த்தினார்.

“தெங் ஐயா, நீங்க இல்லாதப்ப உங்க வீட்டை எடுத்துக்கிட்டோம். தப்பு எங்க மேலதான். இந்த மாசக் கடைசிக்குள்ள பிள்ளைங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

“கோயில்ல எடம் எங்க?” என்றாள் யின்ஹுவா. “தரையெல்லாம் தண்ணி ஊறுது. பையனுங்களே இருமிக்கிட்டுக் கெடக்கானுங்க.”

“பாத்துக்கறோம் அண்ணி.”

திரிகை சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் போன பிறகு யின்ஹுவா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் தட்டிய கிண்ணம் காலியாகவே இருந்தது.

அதற்கு நாலு நாள் கழித்துச் செய்தி வந்தது. கீழாற்றிலிருந்து பள்ளியின் பெட்டிகள் வந்துவிட்டன. எழுபத்திரண்டு பெட்டி. புத்தகங்கள், பூமி உருண்டை, கண்ணாடிக் குழாய்கள், நுண்ணோக்கி இரண்டு. ஐந்து மாதமாக ஆற்றில் வந்துகொண்டிருந்த படகு, ஊருக்கு ஒரு மைல் கீழே பாறைகளுக்கிடையே ஆறு சீறி இறங்கும் பன்றிப்பல் பாய்ச்சலின் அடியில் நிற்கிறது. மேலே ஏற வழியில்லை. இழுக்க ஆளில்லை. எங்கள் ஊர் ஆட்களில் பாதிப் பேரைப் பட்டாளம் பிடித்துப்போயிருந்தது. மீதிப் பேர் தொழிற்சாலை இயந்திரங்களை மேலே கொண்டுபோகும் பெரிய ஆற்று வேலைக்குப் போய்விட்டார்கள். படகுக்காரன் மூன்று நாள் தவணை சொன்னான். அதற்குள் ஆள் வராவிட்டால் பெட்டிகளை மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். மலைச்சரிவு வழியாகத் தோளில் தூக்கிவரலாம் என்றால் அங்கே ஆடு இறங்கவும் பாதை கிடையாது, படகிழுப்பவர்கள் பாறையில் வெட்டிய ஒற்றையடி விளிம்பு ஒன்றைத் தவிர; பெட்டியோடு அதில் நடக்க முடியாது. வசந்த வெள்ளம் வந்தால் அந்த மணல்திட்டு ஓர் இரவில் காணாமல் போகும்.

ஐந்து மாதமாக அந்த வாத்தியார்கள் ஒரு புத்தகமும் இல்லாமல் மனப்பாடத்திலிருந்து பாடம் நடத்தினார்கள் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

“நாங்களே இழுத்துக்கறோம்,” என்றார் ஷாவோ.

தேநீர்க்கடையே சிரித்தது.

மறுநாள் மத்தியானம் யின்ஹுவா வீட்டு முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து படுக்கைத் துணிகளைக் கிழித்துத் தோள்பட்டி தைத்துக்கொண்டிருந்தார்கள். பாங் ரூலான்தான் பெரியவள், பதினாறு வயது. அவள் அப்பா, ஊர் ஜப்பான்காரனிடம் பிடிபட்டபோது காணாமல் போனவர். செய்தி ஏதும் இல்லை. ஒவ்வொரு தபால் நாளும் வந்து என் முன்னால் நின்றுவிட்டுப் போவாள். அவள் ஒரு பட்டியின் நுனியைக் கயிற்றில் கட்டி, இழுத்துப் பார்த்து, “எவ்வளவு இழுத்தாலும் அவுறாது!” என்றாள்.

திரிகை நின்றது.

“கொண்டா அத,” என்றான் கோஷான்.

ரூலான் பயந்துகொண்டே கொடுத்தாள். அவன் முடிச்சைப் பார்த்தான்.

“யாரு சொன்னா அவுறக் கூடாதுன்னு? அவுறணும். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அவுறணும். ஒருத்தி சறுக்கினா பின்னால வர்ற அத்தன பேரும் ஆத்துக்குள்ள போவீங்க. என்ன படிக்கிறீங்க நீங்கெல்லாம்? மூளையில என்ன இருக்கு, களியா?”

சியூவுக்கு உதடு பிதுங்கியது.

யின்ஹுவா அடுப்படியிலிருந்து வந்தாள். “அப்ப நீ வந்து கட்டிக் குடு.”

“ஒத்தக் காலோடயா?”

“ஏய்யா, முடிச்சக் காலாலயா போடுவ?”

ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். கோஷான் சிரிக்கவில்லை. பட்டியை மடியில் வைத்து அந்த முடிச்சைப் பிரித்தான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான். அவன் வந்தபின் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

“போன கோடையில, பெரிய ஆத்துல. நான்தான் பாட்டெடுத்துக் குடுத்தேன். படகு சொழல்ல திரும்பிடுச்சு. பட்டிய அவுத்து விடுங்கடான்னு சொல்லணும். சொல்ல வேண்டிய நேரம் அது. மொதலாளி படகு மேல நின்னு ‘விடாதே, விடாதே’ன்னு கத்தறான். நானும் இன்னொரு இழுப்புக்குக் குரல் குடுத்துட்டேன். ஒரே ஒரு இழுப்பு.” நிறுத்தினான். “முன்னால நின்ன பையன், லுவோன்னு பேரு. பத்தொம்பது வயசு. கயிறு அவன அப்படியே தூக்கிக்கிட்டுப் போச்சு. எனக்குக் கால்ல சுத்திச்சு. பாறையில ஒதுங்கின நான் பொழச்சேன். அவன் அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான்.”

யின்ஹுவா ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இதத்தான் இத்தன நாளா அரைச்சுக்கிட்டு இருந்தியா?” என்றாள்.

அவன் தலையசைத்தான். பிறகு ரூலானைப் பார்த்து, “கிட்ட வா. இப்படி ஒரு மடிப்பு, உள்ள ஒரு எலும்புத் துண்டு. நுனியத் தட்டினா கழண்டுக்கும். நூறு தடவ செய். கண்ண மூடிக்கிட்டுச் செய்,” என்றான்.

மூன்றாம் நாள் காலை, மூடுபனி மலையின் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பாறையில் வெட்டிய இழுவைப் பாதையில் கக்கத்துக் கட்டை நிற்காது. யின்ஹுவா சோயாமூட்டை சுமக்கும் முதுகுச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

“உக்காரு.”

“ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். அரை மூட்டை எடைகூட இல்ல நீ இப்ப.”

அவனைச் சுமந்துகொண்டு அவள் முன்னால் ஏற, பின்னால் நாங்கள் போனோம். நூறு மாணவர்கள், வாத்தியார்கள், சமையற்காரர், நான். தபாலாபீஸை அன்று மூடிவிட்டேன். பாய்ச்சலுக்கு மேலே பன்றியின் பல் போலத் துருத்தி நிற்கும் பாறையில் அவனை இறக்கினாள். அவன் எங்களை வரிசைப்படுத்தினான். கனத்தவர்கள் பின்னால், நிதானமானவர்கள் முன்னால். சிறிசுகள் வேண்டாம் என்று சியூவைத் திருப்பி அனுப்பினான். அவள் போகவில்லை. பாறைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

பட்டியைத் தோளில் போட்டுக் குனிந்தோம். அவன் வாய் திறந்தான். ஆற்றுப்பாட்டின் முதல் அடி வந்தது; அடுத்த அடி வரவில்லை. படகுக்காரர்களின் பாட்டு எப்படி என்று எங்கள் ஊர் ஆம்பளைகளுக்குத் தெரியும். இரண்டாம் அடியிலேயே ஒரு விதவையும் ஒரு சாமியாரும் வந்துவிடுவார்கள். எதிரே பள்ளிக்கூடத்துப் பெண்கள். அவன் முகம் சிவந்துபோயிற்று. நான் குனிந்தபடியே சிரித்துவிட்டேன்.

பிறகு அவன் பாடினான்.

“முக்கோணத்துல—”

“ஹேய்!” என்று காலை ஊன்றினோம்.

“மூணு கோணம்—”

“ஹேய்!”

“கூட்டிப் பாத்தா—”

“ஹேய்!”

“ரெண்டு செங்கோணம்—”

“ஹேய்!”

விடியற்காலையெல்லாம் படியில் ஒருத்தி ஒப்பித்தது அவனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஷாவோ என் முன்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரித்தாரா அழுதாரா தெரியாது. படகு ஏறத் தொடங்கியது. ஒரு முழம். இன்னொரு முழம். மூங்கில் கயிறு பாறையில் உரசி முனகியது. தோள் எரிந்தது. முன்னால் ரூலான் கிட்டத்தட்டத் தரையில் கைவைத்து ஊர்ந்தாள்.

பாதி ஏறியிருக்கும். படகின் தலை சடாரென்று ஆற்றுப்பக்கம் திரும்பியது. கயிறு பக்கவாட்டில் எங்களை வெட்டி இழுத்தது. என் கால் விளிம்பை விட்டு நழுவியது. கீழே படகு மேல் நின்றவன் கத்தினான்: “விடாதீங்க! விட்டா எல்லாம் போச்சு! விடாதீங்க!”

நான் தலையைத் தூக்கிக் கோஷானைப் பார்த்தேன். அவன் ஷாவோவைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்க்கவில்லை. ரூலானின் காலைப் பார்த்தான்.

“அவுத்து விடு!” மலை திருப்பிச் சொன்னது. “எல்லாரும்! இப்ப!”

நூறு கைகள் முடிச்சைத் தட்டின. கயிறு பாம்பு மாதிரி எங்கள் காலுக்கு நடுவே ஓடி ஆற்றில் விழுந்தது. நாங்கள் பாறையில் குப்புறக் கிடந்தோம். படகு பின்னால் வழுக்கிக்கொண்டுபோய் ஒரு பாறையில் இடித்துச் சாய்ந்து, அடி மடுவில் போய் நின்றது. பெட்டிகள் சில மிதந்து போயின. எங்களுக்குத் தெரிந்தது.

ஷாவோ எழுந்தார். கண்ணாடி காணாமல் போயிருந்தது. “பிள்ளைங்களை எண்ணுங்க,” என்றார்.

எண்ணினோம். இரண்டு தடவை. எல்லோரும் இருந்தார்கள்.

அவர் தடவித் தடவிக் கோஷானிடம் ஏறிப் போனார். அவன் பாறையிலேயே உட்கார்ந்திருந்தான். யின்ஹுவா அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

“உங்க பொஸ்தகம் போயிடுச்சு பெரிய வாத்தியாரே,” என்றான்.

“போகட்டும். பொஸ்தகத்தை யாராவது மறுபடி எழுதுவாங்க.” அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இதுக்கு மேல வேண்டாம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுத் திரும்பிடலாம்.”

கோஷான் ஆற்றைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

“அவசரப்படாதீங்க. படகு மூக்குல மட்டும் கயிறு கட்டினது தப்பு. பக்கத்துல இன்னொரு கயிறு வேணும். மொதல்ல எல்லாருக்கும் ஏதாவது திங்கக் குடுங்க. வெறும் வயித்துல இழுத்தா எப்படி வரும்?”

யின்ஹுவா மக்காச்சோளக் கஞ்சியும் ஊறுகாய்க் கீரையும் கொண்டுவந்திருந்தாள். தின்றோம். மத்தியானம் தாண்டி இரண்டாம் தடவை இழுத்தோம். அவன் வடிவகணிதத்தை முடித்து, இங்கிலீஷ் வார்த்தைகளுக்குப் போய், அவற்றை ஒரு மாதிரி கடித்துக் குதறினான். பெண்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். படகு மேலே வந்தது.

எழுபத்திரண்டில் அறுபத்தைந்து கிடைத்தன. நுண்ணோக்கி ஒன்றும் பூமி உருண்டையும் போய்விட்டன. புத்தகங்கள் பாதி நனைந்திருந்தன. அவற்றைக் காயவைக்க எங்கள் ஊரில் வெயில் ஏது? யின்ஹுவா வீட்டு அடுப்புதான். மாடி, படி, சோயாக்கட்டித் தட்டு, கொடி எல்லாவற்றிலும் பக்கங்கள். கோஷான் நடுவில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட தாள்களைச் சோயாத் தோலுரிக்கும் விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவனைத் தாண்டிப்போக யாரும் இப்போது கால்விரல் ஊன்றவில்லை.

மாசக் கடைசியில் ஷாவோ இரண்டு பையன்களோடு வந்தார், படுக்கைகளை எடுத்துப்போக.

“என்னத்துக்கு வந்தீங்க?” என்றான் கோஷான்.

“சொன்ன சொல்லு இருக்கே, தெங் ஐயா.”

“பொஸ்தகம் காயலியே. இதுகள விட்டா யாரு பொரட்டிப் போடுவா? காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“எத்தனை நாளாகும்?”

கோஷான் வானத்தை அண்ணாந்து பார்த்தான். “இந்த ஊரு வெயிலுக்கா? ரெண்டு மூணு வருஷம் ஆகும்.”

அடுப்படியில் யின்ஹுவா எதற்கோ பாத்திரத்தைப் பலமாகத் தேய்த்தாள்.

அந்த வாரம்தான் அவன் ரூலானைக் கூப்பிட்டு, ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான். லுவோவின் அம்மாவுக்கு. ஊர்ப் பெயர் மட்டும் ஒருநாள் லுவோ சொல்லிக் காதில் விழுந்தது. எந்த மாவட்டம், தெரியாது. மூன்று ஆறுகள் கூடுகிற இடத்துக்கு மேலே என்று சொல்வானாம். ரூலான் அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டு கோடுகள் மூன்றாவதோடு சேரும் இடமெல்லாம் விரலால் தேடி, ஒரு புள்ளியில் நிறுத்திப் படித்துக் காட்டினாள். அதே பெயர். நான் மாவட்டத்தைக் குறித்துக்கொண்டேன்.

அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. இன்னொரு இழுப்புக்குத் தான் குரல் கொடுத்ததையும் எழுதச் சொன்னான். எழுதிக்கொண்டே வந்த ரூலான், பையனை ஆறு கொண்டுபோன இடத்தில் நிறுத்திவிட்டாள். தூரிகையிலிருந்து மை தாளில் சொட்டியது.

“எழுதும்மா,” என்றான். “யாராவது எழுதணும்ல.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். நான் உறையில் முத்திரை குத்தினேன்.

பதில் ஐந்தாம் மாதம் வந்தது. யாரோ கிராமத்து வாத்தியார் கையெழுத்து. அதைத் தபால் மூட்டையில் பார்த்ததும் தெருவைக் கடந்து நானே கொண்டுபோனேன். ரூலான் பிரித்தாள். கோஷான் திரிகையைப் பிடித்துக்கொண்டான்.

“‘உங்கள் கடிதம் கிடைத்தது,’” என்று அவள் படித்தாள். “‘என் மகன் தனியாகச் செத்தான் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவன் பேரும் ஊரும் தெரிந்த ஒருவர் இருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. அவன் குளிருக்குப் பயப்படுவான். தண்ணீர் கோடையில் குளிர்ந்திருக்காது அல்லவா? உங்கள் கால் இப்போது ஆறிவிட்டதா? மழைக்காலத்தில் வலித்தால் இஞ்சியை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கச் சொல்லுங்கள்.’”

அவள் கடிதத்தை மடித்தாள்.

“கடைசிய இன்னொரு வாட்டி படி,” என்றான் கோஷான்.

படித்தாள். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னான். யின்ஹுவா அதற்குள் இஞ்சி தேட உள்ளே போயிருந்தாள்.